அமுக்கியாச்சு

என் மனைவியின் காரில் கிளட்ச் பெடல் கனம். அறுபது வருடப் பழைய கார் அது. பெடலை மிதித்தால் ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தள்ளும், அது ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும், தண்டு கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் கவட்டையை அசைக்கும். ஆபீஸில் மனு ஒவ்வொரு மேசையாக நகர்கிற கதைதான். ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் இழுத்தடிப்பார்கள், கடைசியில் மிதிக்கிறவரின் முழங்கால்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். புதிதாக அதில் உட்காருகிறவர்கள் நாலு சிக்னல் தாண்டுவதற்குள் தொடையைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். அவள் அதை இருபத்திரண்டு வருடம் ஓட்டினாள். ஒரு நாளும் கனம் என்று சொன்னதில்லை.

அவளுக்குத் தொழிலே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான். அதற்கு வேறு கார், பக்கத்து சீட்டிலும் பெடல் வைத்தது. இந்தப் பச்சைக் கார் அவளுடைய சொந்தம். பழகுகிறவர்கள் யாரையும் இதைத் தொட விடமாட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். எனக்கும் டீச்சர்தான். கிண்டலாக ஆரம்பித்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் மெக்கானிக். வீட்டை ஒட்டி ஒரு ஷெட், ஷெட்டுக்கு முன்னால் வண்டி திருப்புகிற அளவுக்கு வெற்றிடம், அதற்கு ஒரு இரும்பு கேட். பழைய வண்டிகளை மட்டும் எடுத்துத் தனியாகச் செய்கிறேன். வண்டியைப் பிரிக்கவும் சேர்க்கவும் பிடிக்குமே தவிர எனக்கு ஓட்டப் பிடிக்காது. எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். "இப்ப எதுக்கு கியர மாத்தின?" என்பேன். "இறங்கி நடந்து வாங்க" என்பாள். முப்பது வருடக் குடித்தனம் அப்படித்தான் சத்தமாக ஓடியது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். இடது கை, இடது கால். கை இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. வாய் கொஞ்சம் கோணியிருந்தது, அதுவும் நேராகிவிட்டது. கால்தான் பாக்கி. வாரத்துக்கு இரண்டு முறை பிசியோ பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். போகும்போது ஒரு நாள் வாசலில் நின்று, "பலம் நல்லா வந்துருச்சு சார். உணர்ச்சிதான் இன்னும் வரல. காலைப் பாத்துப் பாத்து வெச்சு நடக்கச் சொல்லுங்க" என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டபடி சரி சரி என்று தலையாட்டினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலையிலிருந்து எனக்குள் எதுவும் நடக்கவில்லை. வருத்தம் வரவில்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் வரவில்லை. பயமும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் என் தோளைத் தட்டியபோது சுவரைத் தட்டுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. சாப்பிட்டேன், தூங்கினேன், வண்டிகளை எடுத்து வேலை செய்தேன். அவளிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். ரத்தக் கொதிப்பு ஏறிவிடும் அல்லவா? அதனால் அவள் எது சொன்னாலும் "சரி டீச்சர்", "ஆகட்டும் டீச்சர்". கையிலிருந்து நழுவுகிறது என்று எவர்சில்வர் தட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன், பிளாஸ்டிக் டம்ளர் வாங்கினேன். வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அக்கம்பக்கத்தில் என்னைத் தங்கமான மனிதர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவும் என்னைத் தொடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஷெட்டின் பின்பக்கம் இருந்தபோது பச்சைக் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அடுத்து இரும்பு இடிபடும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கார் தண்ணீர் டிரம்மை நசுக்கிவிட்டு ஷெட் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அவள் உள்ளே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை.

"கால் வழுக்கிருச்சு" என்றாள்.

"கனமா இருக்கா?"

என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

இந்தச் செய்தி அவள் தம்பிக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. என் மச்சினன் நல்லவன், அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்லவர்களுக்கே உரிய ஒரு அவசரம் அவனுக்கு உண்டு. வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "அத்தான், இந்த வண்டிய இன்னும் எதுக்கு வெச்சுக்கிட்டு? ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கிடுங்க. என் வண்டிய பாருங்க, இடது காலுக்கு வேலையே கிடையாது. பத்து வருஷமா அது சும்மா தூங்குது." பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, பச்சைக் கார நான் கொண்டுபோய் வெச்சுக்கறேன். உன் கண்ணு முன்னால நின்னா நீ சும்மா இருக்க மாட்ட. மறுபடி ஏறுவ. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் பிளாஸ்டிக் டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வா. அதுக்குள்ள இந்த கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல மூணு ரவுண்டு நான் ஒழுங்கா ஓட்டிக் காட்டலேன்னா சாவிய உன் கையில குடுத்துடறேன். அப்புறம் அதப் பத்திப் பேசவே மாட்டேன்."

அவள் பேசவே மாட்டேன் என்றால் பேசமாட்டாள். அது எனக்குத் தெரியும். கார் போனால் காரோடு அவளும் பாதி போய்விடுவாள் என்பதும் தெரியும். மூளைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

பெடல் கனம், அதனால் கால் வழுக்குகிறது. எனவே பெடலை லேசாக்க வேண்டும். மெக்கானிக் மூளை இப்படித்தான் போகும். கம்பி, தண்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் கிளட்ச்சாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு குழாய். பெடலை மிதித்தால் மேலே இருக்கிற எண்ணெய் கீழே இருக்கிற சிலிண்டரைத் தள்ளும், அது கவட்டையைத் தள்ளும். நடுவில் எந்த மேசையும் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு லேசாக இருக்கும் பெடல். நான் கிடைத்ததிலேயே ஒல்லியானதைத் தேடி வாங்கினேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். குழாயை எஞ்சின் சூடு படாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். ஸ்லேவ் சிலிண்டரை உட்கார வைக்க இடம் போதவில்லை. பழைய தண்டைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புத் தாங்கி குறுக்கே நின்றது. கட்டிங் மெஷினை எடுத்து அதை அடியோடு அறுத்தேன். இனி திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தே அறுத்தேன். எதற்குத் திரும்பிப் போக வேண்டும்?

அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. பெடலை விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒற்றை விரலுக்கே இறங்கியது. காற்றை வெளியே எடுப்பது ஒன்றுதான் பாக்கி. எண்ணெய்க் குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் கிளட்ச் பிடிக்காது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலில், ஒருவர் கீழே படுத்துக்கொண்டு, காற்றுப் போகும் துளையை மூடியிருக்கிற நிப்பிளில். கீழே இருப்பவர் "அமுக்கு" என்பார். மேலே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு "அமுக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். உடனே கீழே நிப்பிளைத் திறந்தால் எண்ணெயும் குமிழியும் ரப்பர் டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் வரும். மூடிவிட்டு "விடு" என்றால் மேலே காலை எடுக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வாய் வார்த்தையை நம்பித்தான் முழு வேலையும்.

"டீச்சர், கொஞ்சம் வர்றியா?" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்து வந்து, கதவைப் பிடித்து, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான் காருக்கு அடியில் நுழைந்தேன்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

நிப்பிளைத் திறந்தேன். குமிழிகள் சடசடவென்று வந்தன. மூடினேன். "விடு." இப்படி நாலு முறை நன்றாக வந்தது. ஐந்தாவது முறை ஒன்றும் வரவில்லை. சொட்டு எண்ணெய்கூட இல்லை. ஆறாவது முறை கொஞ்சம் வந்தது. அப்புறம் மூன்று முறை வறட்சி.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றினேன், பிரித்தேன். சீல் புத்தம் புதிதாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், திரும்பப் பூட்டினேன். மதியம் மறுபடி அவளைக் கூப்பிட்டேன். மறுபடி அதே கதை. ஒரு முறை வரும், இரண்டு முறை வராது. குழாயின் இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி மாட்டினேன். நாற்பது வருடத்தில் எத்தனை வண்டிக்குக் காற்று எடுத்திருப்பேன், இப்படி ஒரு வண்டி என்னை ஏமாற்றியதில்லை. ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து அவள் குரல் மட்டும் தெளிவாக, வகுப்பெடுக்கிற குரலில் வந்தது: "அமுக்கியாச்சு."

மூன்றாவது சுற்றில் ஸ்பேனர் நழுவி உருண்டு போய்விட்டது. "அப்படியே பிடிச்சுக்கோ டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே தவழ்ந்து வந்தேன். காரின் கதவு திறந்திருந்தது. எழுந்திருக்கும்போது என் முகம் சரியாக அவள் காலுக்கு நேரே வந்தது.

பெடல் மேலே நின்றது. யாரும் தொடாத பெடல் எவ்வளவு உயரத்தில் நிற்குமோ அவ்வளவு உயரத்தில். அதற்குப் பக்கத்தில், தரையில் விரித்த ரப்பர் மேட்டின் மேல், அவளுடைய கால் இருந்தது. மேட்டை அவள் பலம் முழுவதும் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன, தொடை நடுங்கியது. முகம் மட்டும் நேராக கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பழக வருகிறவர்களிடம் அதைத்தான் சொல்வாள், காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க என்று.

"பிடிச்சுட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள்.

"டீச்சர்."

"ம்?"

"கீழ பாரு."

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காலை எடுத்து பெடலில் வைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. பிறகு மிதிப்பதை நிறுத்தினாள் போல, தொடை நடுக்கம் நின்றது.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றாள். "டிரம்முல மோதின அன்னிக்கு. பெடல்லதான் கால் இருக்குன்னு நெனச்சேன்."

"கனமா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்க கேட்டீங்க, ஆமான்னேன். கனம்னா நீங்க சரி பண்ணிடுவீங்க. கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

பிசியோ பெண் வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. பலம் வந்துவிட்டது, உணர்ச்சிதான் வரவில்லை. நான் பலத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தாள். "பழைய பெடல மிதிச்சா இங்க வரும். இந்த எலும்புல. காலுக்குத் தெரியாட்டியும் இடுப்புக்குத் தெரியும். கொஞ்சம் பழகினா இதை வெச்சே ஓட்டிடலாம்னு நெனச்சேன். இது என்னங்க? பெடல மிதிச்சாலும் ஒண்ணுதான், மேட்ட மிதிச்சாலும் ஒண்ணுதான். பழையதையே போட்டுடுங்க."

"அறுத்துட்டேன்."

"என்னது?"

"தாங்கிய அறுத்துட்டேன். இனிமே போட முடியாது."

"என்னைக் கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே..."

"என்னைக் கேட்டீங்களான்னு கேக்கறேன்." குரல் உயர்ந்தது. நான் தரையைப் பார்த்தேன். சண்டை போட வேண்டிய இடம் அது. பழைய நானாக இருந்தால் ஷெட் கூரை எகிறியிருக்கும். "தப்புதான் டீச்சர்" என்றேன் மெதுவாக.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "தட்டு பிளாஸ்டிக், டம்ளர் பிளாஸ்டிக். ஏழு மாசமா நீங்க பேசற பேச்சும் பிளாஸ்டிக். எதத் தொட்டாலும் கனமே இல்ல. கால் மட்டும்தான் மரத்துப் போச்சுன்னு டாக்டர் சொன்னார். இந்த வீட்டுல இருந்தா மிச்சமும் மரத்துரும் போலிருக்கு." காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள். ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து வீட்டுக்குள் போனாள். கோபமாக நடப்பதற்குக்கூட அந்தக் கால் விடவில்லை.

நான் அறுத்துப் போட்ட தாங்கியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். வரவில்லை. இரும்பு குளிர்ச்சியாக இருந்தது, கனமாக இருந்தது. கனம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஷெட்டின் கடைசி இழுப்பறையை அப்படியே உருவிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் வைத்தேன். நாற்பது வருடமாகத் தூக்கி எறிய மனசு வராத ஸ்பிரிங்குகள் அதில் இருந்தன. இத்தனை காலம் அதை அவள் குப்பை என்றுதான் சொல்லிவந்தாள்.

"டீச்சர், வா. கேக்கறதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றேன்.

கேட்கிறேன் என்றதும் வந்தாள். பெடல் தண்டில் ஒரு துளை, மேலே டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டினால் அது பெடலை மேல்நோக்கி இழுக்கும். மிதிக்கிற கால் அதை எதிர்த்துத்தான் போக வேண்டும். முதலில் ஒரு சின்ன ஸ்பிரிங். அவள் காலைக் கையால் எடுத்து பெடலில் வைத்து மிதித்தாள்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

அடுத்தது. "இல்ல." அடுத்தது சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங். "ஏதோ இருக்கற மாதிரி இருக்கு. இன்னும்." கண் டாக்டர் கண்ணாடி மாற்றி மாற்றிப் போடுவது போல நானும் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, முட்டி வலி கண்டுவிட்டது. இரண்டு ஸ்பிரிங்கைச் சேர்த்து மாட்டினேன். "இன்னும்" என்றாள். கடைசியில் லாரி பிரேக்கில் இருக்கிற ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அதை மாட்டவே எனக்கு ஒரு கம்பியும் ஏழெட்டுக் கெட்ட வார்த்தையும் தேவைப்பட்டன.

மிதித்தாள். புருவம் சுருங்கியது. கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"வந்துருச்சு" என்றாள்.

"நெசமாவா? எனக்காகச் சொல்லாத."

"கண்ண மூடிக்கறேன். நீங்க என் கால எடுத்து எங்க வேணா வைங்க."

கண்ணை மூடினாள். நான் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்தேன். ஏழு மாதத்தில் எத்தனையோ தடவை அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன், ஒரு பொருளைத் துடைக்கிற மாதிரிதான் தடவியிருக்கிறேன். பெடலில் வைத்தேன். மிதித்தாள். "பெடல்." மேட்டில் வைத்தேன். "மேட்டு." மறுபடி மேட்டில். "மேட்டுதான், ஏமாத்தாதீங்க." பெடலின் ஓரத்தில் பாதி வைத்தேன். கொஞ்சம் தயங்கினாள். "பெடல்தான். ஆனா கோணலா இருக்கு." பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னாள். தவறவிட்ட ஒன்றுக்காக, கால் நழுவாதபடி பெடலின் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு இரும்புத் தடுப்பு வைத்துப் பற்றவைத்தேன்.

பிறகு காற்று எடுத்தோம். நான் அடியில் படுத்துக்கொண்டு "அமுக்கு" என்றேன். ஸ்பிரிங் முனகியது. "அமுக்கியாச்சு." எண்ணெய் கொட்டியது. ஒவ்வொரு முறையும் கொட்டியது, ஒரு முறைகூடப் பொய்க்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் இறங்கிப் போனதும் நான் அந்தப் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பாதிக்கு மேல் இறக்க முடியவில்லை. லேசாக்குகிறேன் என்று ஆரம்பித்த வேலையில் ஊரிலேயே கனமான கிளட்ச்சைச் செய்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சினன் டாக்ஸியில் வந்து இறங்கினான். திரும்பிப் போகும்போது பச்சைக் காரில் போகலாம் என்ற திட்டம். அக்காவுக்குப் பிடித்த பழங்கள் வாங்கி வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்கே கண் கலங்கிவிட்டது. "அக்கா, உனக்கு இஷ்டம் இல்லேன்னா நான் எடுத்துட்டுப் போகல" என்றான்.

"சொன்ன வார்த்த சொன்னதுதான். நீ அந்த ஓரமா நில்லு" என்றாள். "நீங்க ஏறுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். அவள் கையால் காலைத் தூக்கி பெடலில் வைத்தாள். தடுப்பில் முட்டுகிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். எஞ்சின் பிடித்தது. முதல் கியர். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை நகர்ந்தது. ஷெட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து திரும்பி ஷெட். முதல் ரவுண்டு, ஆமை வேகம். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ரவுண்டில் கேட்டுக்குப் பக்கத்தில் திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பாதிதான் ஒடித்தாள். கேட் தூண் எங்களை நோக்கி வந்தது.

"கிளட்ச்! கிளட்ச மிதி! கண்ண எங்க வெச்சிருக்க, பொடதியிலயா?"

கிளட்சும் பிரேக்கும் ஒன்றாக இறங்கி கார் நின்றது. தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. நான் கத்திய கத்தலில் மச்சினன் கையிலிருந்த பழப் பை கீழே விழுந்திருந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன். ரத்தக் கொதிப்பு. டாக்டர் என்ன சொல்லியிருந்தார்.

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கிளட்சை விடாமல், காலை அழுத்திப் பிடித்தபடியே திரும்பினாள்.

"வாங்க" என்றாள். "ஏழு மாசமா எங்க போயிருந்தீங்க?"

ரிவர்ஸ் போட்டாள், பின்னால் எடுத்தாள், திரும்பினாள். மூன்றாவது ரவுண்டில் ஒரு குலுக்கல்கூட இல்லை. தம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "சரி அக்கா, ஓட்டிட்ட. ஒத்துக்கறேன். ஆனா ரோட்டுக்கு?"

"ரோட்டுக்கு இப்ப இல்ல. ஒரு மாசமோ ஆறு மாசமோ இங்கேயே சுத்தறேன். அப்புறம் லைசென்ஸ் பரிச்சை வைக்கறவர கூட்டிட்டு வந்து ஓட்டிக் காட்டறேன். அவர் வேணாம்னா வேணாம். எத்தனை பேர நானே ஃபெயிலாக்கச் சொல்லியிருக்கேன்."

"அது வரைக்குமாவது நான் கொண்டுபோய் வெச்சுக்கட்டுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஓட்டிட்டுப் போ" என்று சொல்லி இறங்கினாள். நானும் இறங்கினேன்.

அவன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். கிளட்சை மிதித்தான், பாதியில் நின்றது. சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டு மறுபடி மிதித்தான். முகம் சிவந்தது. முக்கி முனகி முழுவதும் இறக்கினான், முதல் கியரும் போட்டான், அதற்குள் கால் வெடவெடக்க ஆரம்பித்து, பெடல் அவனைத் தூக்கி எறிந்தது. கார் ஒரு தவளைத் தாவல் தாவி நின்றது.

"என்ன அத்தான் இது! மனுஷன் மிதிக்கற பெடலா இது? இத யாரால ஓட்ட முடியும்?"

"என்னால" என்றாள் டீச்சர்.

அவன் தொடையைத் தடவிக்கொண்டே இறங்கி, பழங்களைப் பொறுக்கி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு டாக்ஸியைக் கூப்பிட்டுப் போனான். கேட் வரைக்கும் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள், கோணல் இல்லாமல்.

"ஏறுங்க, இன்னொரு ரவுண்டு" என்றாள்.

ஏறினேன். ஷெட்டைத் தாண்டித் திரும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப எதுக்கு இவ்வளவு ஆக்சிலேட்டர் குடுக்கற? பெட்ரோல் குடிக்கிற சத்தம் இங்க கேக்குது."

"இறங்கி நடந்து வாங்க."

நிறுத்தினாள். நிஜமாகவே இறங்கச் சொல்கிறாள். சரி என்று கதவைத் திறந்தேன், இறங்க முடியவில்லை. வலது காலை அசைக்க முடியவில்லை. குனிந்து பார்த்தேன். என் பக்கத்தில் பெடல் ஒன்றும் கிடையாது. வெறும் ரப்பர் மேட். முதல் ரவுண்டிலிருந்து ஒவ்வொரு ரவுண்டிலும் அதைத்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போதும் விடவில்லை. கெண்டைக்காலில் சதை சுருண்டு கல்லாகப் பிடித்திருந்தது.

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்கக் கொட்டியது, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"என்னங்க? என்னாச்சு?"

"கால் பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது டீச்சர்" என்றேன். "ரொம்ப வலிக்குது."